பாஸ்வேர்ட் சரி, டெஸ்க்டொப் வரவில்லை: திருகோணமலை நண்பர்களின் லினக்ஸ் அனுபவங்கள்

உவர்மலையான்

லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டதும், அல்லது ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு ஏற்றியதும், லொகின் திரையோடு நின்றுபோன அனுபவம் இங்கே நிறையப் பேருக்கு இருக்கிறது. பாஸ்வேர்டைக் கொடுக்கிறோம், திரை ஒருமுறை கறுக்கிறது, திரும்பவும் அதே பெட்டி வந்து நிற்கிறது. இந்த ஒரு காரணத்துக்காக எத்தனை பேரின் படங்களும் பாடக்குறிப்புகளும் அழிக்கப்பட்டிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. அதனால்தான் கேட்கிறேன்: உங்களுக்கு என்ன நடந்தது, எதனால் சரிவந்தது என்று எழுதுங்கள்.

நான் முதலில் சொல்கிறேன். கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் ஒரு தங்கச்சியின் லப்டொப். லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவை 22.04 பதிப்பிலிருந்து 24.04 க்கு ஏற்றியிருக்கிறார். கொஞ்சநாள் ஒழுங்காக ஓடிவிட்டு, பிறகு உள்ளே விடவில்லை. ஒரு கடையில் காட்டியதும் "ஃபோர்மட் பண்ணத்தான் வேணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். இறுதியாண்டு ஆய்வறிக்கை முழுவதும் அதற்குள். வேறு பிரதி இல்லை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அம்மாதான் கூடப் பயந்துபோயிருந்தார்.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். படமில்லாத கறுப்புத் திரை வந்தது. பயனர் பெயர், பாஸ்வேர்ட் கொடுத்ததும் உள்ளே விட்டது. இந்த இடத்தைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். எழுத்துத் திரையில் உள்ளே போக முடிந்தால் பாஸ்வேர்ட் பிழையில்லை, கணக்கு பழுதில்லை, கோப்புகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. டெஸ்க்டொப்பைத் தொடங்கும் வேலைதான் எங்கேயோ தடைப்பட்டிருக்கிறது. ஃபோர்மட் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. அம்மாவிடமும் முதலில் அதைத்தான் சொன்னேன்.

அடுத்து, வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் டிஎஃப் -எச் கட்டளையை அடித்துப் பார்த்தோம். மூல அடைவு இருக்கும் வரியில் மொத்தம் 49 ஜிபி, பயன்பட்டது 47 ஜிபி, மிச்சம் 0, கடைசியில் 100%. "அண்ணா, 49 இல 47 போனால் 2 இருக்கோணுமே?" என்று தங்கச்சி கேட்டார். நல்ல கேள்வி. ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை வழக்கமாக 5% இடத்தை ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்கென்று ஒதுக்கிவைக்கும். வட்டு நிரம்பினாலும் நிர்வாகி உள்ளே போய்ச் சுத்தம் செய்ய வழி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. சாதாரண பயனருக்கு அது கிடைக்காது. டெஸ்க்டொப் தொடங்கும்போது சின்னச் சின்னக் கோப்புகளை எழுத வேண்டும். எழுத இடமில்லாததால் விழுந்து, திரும்ப லொகின் திரைக்கே வந்துவிடுகிறது. எழுத்துத் திரைக்கு அப்படி ஒன்றும் எழுதத் தேவையில்லை, அதனால் விட்டுவிடுகிறது.

நிர்வாகி உரிமை தரும் சூடோவைச் சேர்த்து, இறக்கிவைத்த மென்பொருள் பொதிகளை அழிக்கும் அப்ட் கிளீன், அப்புறம் தேவையற்றவற்றை நீக்கும் அப்ட் ஆட்டோரிமூவ். லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலின் பழைய பதிப்புகள் போயின. ஜர்னல்சிடிஎல் கட்டளையில் வேக்கியூம்-சைஸ் 200எம் என்று கொடுத்துப் பழைய பதிவுகளைக் குறைத்தோம். ரீபூட் செய்ததும் நேராக டெஸ்க்டொப். ஆய்வறிக்கையை அங்கேயே ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

சம்பூர் ஆசிரியர்

உவர்மலைத் தம்பி சொன்னது அப்படியே உண்மை. எங்கள் கணினி அறையில் எல்லாம் பழைய இயந்திரங்கள். லினக்ஸில் இன்னொரு வகையான மிண்ட் எக்ஸ்எஃப்சிஈ போட்டுத்தான் பிள்ளைகளுக்கு ஐ.சி.ரி. நடத்துகிறேன். அதில் ஒன்று இதேபோல் சுற்றிச் சுற்றி வந்தது, ஆனால் வட்டில் இடம் தாராளமாக இருந்தது.

எழுத்துத் திரையில், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் -எல்ஏ கட்டளையை அடித்தபோது காரணம் கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்தது. பயனரின் சொந்த இடமான ஹோம் ஃபோல்டரில் இருக்கும் கோப்புகளுக்கெல்லாம் உரிமையாளர் இடத்தில் "மாணவர்" என்று கணக்கின் பெயர் வரிசையாக நிற்கிறது. நடுவே ஒரு வரியில் மட்டும் ரூட், ரூட். அந்த வரியின் கடைசியில் இருந்த கோப்பு, புள்ளியில் தொடங்கும் எக்ஸ்அதாரிட்டி. திரையைப் பயன்படுத்த இந்தப் பயனருக்கு அனுமதி உண்டு என்பதற்கான சாவி அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. யாரோ ஒரு பிள்ளை டெஸ்க்டொப்பைத் தொடங்கும் ஸ்டார்ட்எக்ஸ் கட்டளையைச் சூடோவோடு ஓட்டியிருக்கிறது. சாவி ரூட்டின் கைக்குப் போய்விட்டது, வீட்டுக்காரனால் திறக்க முடியவில்லை.

சிஎச்ஓன் கட்டளையால் கோப்பைத் திரும்ப அந்தப் பயனரின் பெயருக்கு மாற்றினேன். வேலை முடிந்தது. மாற்றுவதற்குப் பதிலாக அந்தக் கோப்பின் பெயரை மாற்றி ஒதுக்கிவைத்தாலும் போதும், அடுத்த லொகினில் புதிதாக ஒன்று உருவாகும். பக்கத்தில் ஐசிஈஅதாரிட்டி என்று இன்னொன்று இருக்கும். அதையும் ஒருக்கால் பார்த்துவிடுங்கள்.

சிலர் இந்த இடத்தில் ஹோம் ஃபோல்டர் முழுவதற்கும் 777 அனுமதி கொடுக்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். யாரும் வாசிக்கலாம், யாரும் மாற்றலாம் என்று கதவைத் திறந்துவிடுவதுதான் அது. வேறு கணினிக்குள் தூரத்திலிருந்து நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவி போன்றவை அனுமதி அளவுக்கு மீறியிருந்தால் பிறகு வேலையும் செய்யாது. ஒரு கோப்பில் பிழை என்றால் அந்தக் கோப்பைத் திருத்தினால் போதும்.

கிண்ணியா நானா

நான் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவன். கெடென்லைவில்தான் வேலை. கலியாண சீசனில் மெஷின் நின்றால் என் பிழைப்பே நின்றுபோகும், அதனால் இந்த விசயத்தை வடிவாகப் படித்து வைத்திருக்கிறேன்.

என்னுடையது என்விடியா கிராஃபிக்ஸ் கார்ட். கேர்னல் அப்டேட் வந்த மறுநாள் லொகின் பெட்டியே வரவில்லை, கறுப்புத்தான். கணினியை ஓன் பண்ணும்போது எஸ்கேப்பை அழுத்தி, எதைத் தொடக்குவது என்று தெரிந்தெடுக்கும் கிரப் பட்டியலுக்குப் போனேன். பழைய பயோஸ் மெஷின் என்றால் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதில் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் என்ற வரிக்குள் போனால் முந்திய கேர்னல் இருக்கும். அதைத் தெரிந்தெடுத்தேன், எல்லாம் பழையபடி வந்தது. அப்போ கேர்னல் மாறியதும் கார்ட்டை இயக்கும் டிரைவர் அதோடு சேரவில்லை என்று விளங்கியது.

முந்திய கேர்னல் இல்லாதவர்களுக்கு வேறு வழி உண்டு. அதே கிரப் பட்டியலில் ஈ எழுத்தை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். திரை கொஞ்சம் கரடுமுரடாக வரும், ஆனால் உள்ளே போகலாம். அந்த மாற்றம் அந்த ஒருமுறைக்குத்தான், பயப்பட ஒன்றுமில்லை. உள்ளே போனதும் உபுண்டுவின் அடிஷனல் டிரைவர்ஸ் பக்கத்திலிருந்து சரியான டிரைவரைப் போடுங்கள். என்விடியாவின் தளத்திலிருந்து நேரடியாக இறக்கிய கோப்பை ஓட்டினால் கேர்னல் மாறும் நேரமெல்லாம் இதே கதைதான். உபுண்டு போன்ற விநியோகத்தின் சொந்தப் பொதி கேர்னலோடு சேர்ந்து தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்.

அடுத்தது ஆக முக்கியம். கையெழுத்து உள்ள மென்பொருளை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட் ஓனில் இருக்கிற மெஷினில் டிரைவர் போடும்போது சிலவேளை ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லிக் கேட்கும். ரீபூட் ஆனதும் ஒரு நீலத்திரை வரும். 10 செக்கன் தான் நிற்கும். அதற்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்த வேண்டும். பிறகு என்ரோல் மொக், கொன்டினியூ, யெஸ், அந்தப் பாஸ்வேர்ட், ரீபூட். எங்கட பக்கம் நிறையப் பேர் அந்த நீலத்தைக் கண்டதும் வைரஸோ என்று பயந்து விட்டுவிடுகிறார்கள். விட்டால் டிரைவருக்குக் கையெழுத்து இல்லை, கேர்னல் அதை ஏற்றாது, திரும்ப லொகினில் சுற்றல். தவறவிட்டவர்கள் மொக்யூட்டில் கட்டளையால் அந்தக் கையெழுத்துக்கான சாவியை மறுபடி கொடுத்து நீலத்திரையை வரவழைக்கலாம்.

அன்புவழிபுரம்

நானா, ஜீடி 610 கார்ட்டுக்கு என்ன செய்வது? 390 டிரைவர் போட்டிருந்தேன்.

கிண்ணியா நானா

தம்பி, 390 தொடருக்கு 2022 முடிவோடு என்விடியா ஆதரவை நிறுத்திவிட்டது. புதிய கேர்னலோடு அதைக் கட்டி இழுப்பது வீண் வேலை. அதைக் கழற்றிவிட்டு, கேர்னலோடு வரும் நூவோ டிரைவரில் விடுங்கள். கேம் விளையாட ஏலாது, எழுத்து வேலைக்கும் யூரியூப்புக்கும் போதும்.

சீனக்குடா அக்கா

என்னுடையது 2022 மின்வெட்டுக் காலத்துக் கதை. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மகனின் டெஸ்க்டொப்பில் அப்கிரேட் ஓடிக்கொண்டிருந்தபோது, அறிவித்த நேரத்துக்கு முன்பே கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் பட்டரி ஏற்கெனவே செத்திருந்தது.

கரண்ட் வந்து ஓன் பண்ணினால் லொகின் திரையே இல்லை. எழுத்துகள் ஓடி ஒரு இடத்தில் நிற்கின்றன. வளாகத்தில் கணினி படித்த ஒரு பிள்ளை போனில் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். கிரப்பில் ரிகவரி மோட், அதில் ரூட் திரை. முதலில் வட்டை எழுதக்கூடியதாக மாற்ற வேண்டும்: மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ, ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு. பிறகு டிபிகேஜி, இரட்டைக் கோடு, கொன்ஃபிகர், -ஏ. பாதியில் நின்ற பொதிகள் ஒவ்வொன்றாக "செட்டிங் அப்" என்று திரையில் ஓடத் தொடங்கியதும் எனக்கு மூச்சு வந்தது. அதன் பின் அப்ட் இன்ஸ்டோல் -எஃப்.

சில பொதிகள் இறங்கியிருக்கவில்லை, வைஃபையும் அந்த நிலையில் எடுக்கவில்லை. ரீபூட் பண்ணி எழுத்துத் திரைக்கு வந்து, போனை யூஎஸ்பி வயரால் கொழுவி டெதரிங்கை ஓன் பண்ணினோம். கணினி அதை வயர் இணைப்பாகவே எடுத்துக்கொண்டது. உபுண்டு-டெஸ்க்டொப் என்ற பொதியைத் திரும்பப் போட்டதும் லொகின் திரையும் வந்தது, மகனின் படங்களும் பாட்டுகளும் அப்படியே இருந்தன.

அப்கிரேட் பண்ணுகிறவர்கள் லப்டொப்பில் பட்டரி நிரம்பியிருக்கும்போது பண்ணுங்கள். டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ்ஸை ஒருமுறை சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

நிலாவெளி

என் அனுபவம் சின்னது, ஆனால் உதவும். எழுத்துத் திரையில் அட்யூசர் கட்டளையால் ஒரு புதுப் பயனரை உருவாக்கி அதில் லொகின் பண்ணிப் பாருங்கள். புதியவருக்கு டெஸ்க்டொப் வந்தால் பழுது உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள். வராவிட்டால் டிரைவர், வட்டு போன்ற பொது இடத்தில். பாதித் தேடல் அதிலேயே முடிந்துவிடும். எனக்கு, உபுண்டுவின் டெஸ்க்டொப்பான நோமில் கூடுதலாகச் சேர்த்த எக்ஸ்டென்ஷன்கள்தான் காரணம். பழையவை புதிய நோமோடு ஒத்துவரவில்லை. அவை இருக்கும் ஃபோல்டரின் பெயரை மாற்றியதும் சரி.

லொகின் திரையில் பெயரைத் தெரிந்தெடுத்த பிறகு கீழ்மூலையில் பற்சக்கரம் ஒன்று வரும். அதில், திரையில் படம் காட்டும் புதிய முறையான வேலண்டுக்குப் பதிலாகப் பழைய முறையான எக்ஸ்ஓர்க் அமர்வைத் தெரிந்தும் சோதிக்கலாம். உபுண்டு 25.10 இல் அந்தத் தெரிவை எடுத்துவிட்டார்கள், அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

தம்பலகாமம் ரீச்சர்

எனக்கு உங்கள் ஒருவருடையதும் பொருந்தவில்லை. புதிதாகப் போட்ட உபுண்டு. பாஸ்வேர்ட் பிழை என்றே சொல்கிறது, சுற்றவில்லை. நேற்றுவரை இதே பாஸ்வேர்ட். தமிழ் தட்டச்சுக்காக விசைப்பலகைப் பட்டியலில் இலங்கையைச் சேர்த்தேன், அதன் பிறகுதான் இப்படி.

உவர்மலையான்

ரீச்சர், காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பெட்டியில் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும் என்பதால் என்ன எழுத்து விழுகிறது என்று தெரியாது. லொகின் திரையில் "நொட் லிஸ்டட்" என்பதை அழுத்துங்கள். பயனர் பெயர் கேட்கும் பெட்டி வரும், அதில் எழுத்து மறையாது. அதில் கொஞ்சம் தட்டிப் பாருங்கள்.

தம்பலகாமம் ரீச்சர்

சிங்கள எழுத்து வருகிறது!

உவர்மலையான்

அதேதான். அந்த விசைப்பலகைப் பட்டியலில் இலங்கை என்பதன் இயல்பு அமைப்பு சிங்கள ஒலியியல் முறை. தமிழ் அதற்குக் கீழே தனி வகையாக இருக்கிறது. மேல்மூலையில் மொழிக் குறி இருக்கும், அதை அழுத்தி ஆங்கிலம் யுஎஸ்ஸுக்கு மாற்றிவிட்டுப் பாஸ்வேர்டைக் கொடுங்கள். உள்ளே போனதும் யுஎஸ்ஸைப் பட்டியலில் முதலாவதாக வையுங்கள்.

தமிழுக்கு, பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்ஸில் எம்17என் பொதியைப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் நம் பாடசாலைகளில் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை இருக்கிறது, தமிழ்99 உம் இருக்கிறது. அது உள்ளீட்டு முறை என்பதால் பொதுவாக லொகின் பெட்டிக்குள் குறுக்கே வராது.

தம்பலகாமம் ரீச்சர்

வந்துவிட்டது தம்பி. மற்ற மெஷின்களிலும் யுஎஸ்ஸை முதலாவதாக மாற்றிவிட்டேன். ரெங்கநாதனும் வேலை செய்கிறது, ஆனால் "ஸ்ரீ" எந்த விசையில் என்று மட்டும் பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.