மறு: ஃபெசிலிடேட்டருக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சு)

காட்பாடியிலிருந்து:
குழும நண்பர்களுக்கு வணக்கம். வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்துச் சின்னச் சின்னத் தொண்டு அமைப்புகளின் தன்னார்வலர்களுக்காக, கூட்டம் நடத்துவது பற்றி ஒரு கையேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். 'ஃபெசிலிடேட்டர்' பக்கத்துக்குப் பக்கம் வருகிறார். இவர் தலைவர் இல்லை, செயலாளர் இல்லை. தீர்மானத்தில் ஓட்டும் கிடையாது. எல்லாரும் பேசினார்களா, நேரம் ஓடுகிறதா, பேச்சு எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. இப்போதைக்கு 'எளிதாக்குநர்' என்று போட்டிருக்கிறேன். வாயில் ஒட்டவில்லை. வேறு உண்டா?

திருப்பத்தூரிலிருந்து:
எளிதாக்குநர் இலக்கணப்படி சரி. அனுப்புநர், பெறுநர் வரிசைதான். தயவுசெய்து 'னர்' போட்டுவிடாதீர்கள், 'ஓட்டுனர்' பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. ஆனால் இவர் எதை எளிதாக்குகிறார்? கணக்குப் பாடத்தையா? என் பரிந்துரை 'அவையாற்றுநர்'. வள்ளுவர் 72இல் அவையறிதல், 73இல் அவையஞ்சாமை என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரம் வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட சொல்லைப் பரணில் போட்டுவிட்டு வேறெங்கோ தேடுவானேன்?

வாலாஜாவிலிருந்து:
'அவை'யே வடமொழி 'சபா'விலிருந்து வந்தது என்பாரும் உண்டே, ஐயா. 'ஏதுவாளர்' எப்படி?

திருப்பத்தூரிலிருந்து:
அமை என்பதே அவை ஆயிற்று. மகரம் வகரமாவது புதிதில்லை. நாலு பேர் அமைந்து உட்கார்ந்தால் அது அவை. 'ஏது' தான் வடமொழி 'ஹேது'வின் தமிழ் வேடம்.

வாலாஜாவிலிருந்து:
மணிமேகலையில் தருக்கம் பேசும் இடமெல்லாம் ஏதுதானே! சாத்தனாருக்கு ஆகி வந்தது நமக்கு ஆகாதா? சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் சபை என்றே வெட்டிவைத்திருக்கிறார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்ததும் அந்தச் சபைதான். இந்த 'வாரியம்' எங்கிருந்து வந்தது என்பதே தனிக் கதை. 'வாரி' என்றால் வருவாய் என்று எடுத்துக்கொண்டால்...

காட்பாடியிலிருந்து:
ஐயா, வெள்ளிக்கிழமை.

ஆரணியிலிருந்து:
தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்தவன் ஒரு வார்த்தை சொல்லலாமா? இந்த வேலைக்கு நம்மிடம் ஆள் ஏற்கெனவே இருக்கிறார்: கட்டியங்காரன். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று முழங்குவான். கட்டியங்காரன்தான் 'யார் ஐயா நீர், எந்த நாடு?' என்று கேட்டுக் கேட்டு, சபையோருக்கு விளங்கும்படி அவன் வாயாலேயே சொல்ல வைப்பார். இழுத்தால் கிண்டலடித்து நகர்த்துவார். ஆனால் கதையை அவர் முடிவு செய்வதில்லை. ஓட்டு இல்லாத ஆள் என்று காட்பாடி நண்பர் சொன்னது இதைத்தானே? 'கட்டியர்' என்று சுருக்கலாம்.

குடியாத்தத்திலிருந்து:
அண்ணா, படிக்க நன்றாக இருக்கிறது. அட்டையில் போட்டால் எங்கள் அக்காக்கள் கோமாளி வேஷம் கட்டச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். தறி, தீப்பெட்டி வேலை முடித்துவிட்டு வருகிறவர்கள் அவர்கள். முதியோருக்கு அரிசி, மளிகை கொடுக்கும் வேலைக்கான கூட்டம். பணம் கொடுக்கிறவர் முன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் வாய் திறக்காது. 'நீங்க சொன்னா சரிங்க' என்பார்கள், அதுவே தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிடும். கூட்டம் நடத்துகிற அக்கா முதலில் நாற்காலிகளை வட்டமாகத் திருப்பிப் போட்டார். ஒரு டம்ளரைக் கையில் கொடுத்து, அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம் என்றார். டம்ளர் மூன்றாவது ஆளிடம் வந்ததும்தான், படுத்த படுக்கையாக இருக்கும் இரண்டு பாட்டிகளுக்கு மூட்டை போய்ச் சேரவே இல்லை என்பது வெளியே வந்தது. பணம் கொடுத்தவர் தன் முறை வரும் வரை காத்திருந்தார். அந்த அக்காவுக்கு எங்களிடம் பெயர் 'மீட்டிங் அக்கா'. இதில் அவையும் ஏதுவும் எங்கே வருகிறது?

இன்னொன்று. 'ஊக்குநர்' என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். சுய உதவிக் குழுக்களில் ஊக்குநர், பிரதிநிதி இரண்டும் ஏற்கெனவே பொறுப்பின் பெயர்கள்.

வாலாஜாவிலிருந்து:
அப்படியானால் 'கூட்ட நடத்துநர்'?

ஆரணியிலிருந்து:
டிக்கெட் கேட்பார்கள்.

திருப்பத்தூரிலிருந்து:
அம்மா, புரியவில்லை என்று ஒவ்வொரு சொல்லையும் தள்ளினால் எதுவும் புழங்காது. 'தன்னார்வலர்' மட்டும் புரிந்துகொண்டா வந்தது? சொல்லிச் சொல்லித்தானே வந்தது.

குடியாத்தத்திலிருந்து:
அரசாங்கமே சொல்லிக்கொண்டிருந்ததால் வந்தது, ஐயா. இந்தக் கையேடு ஐந்நூறு படி தாண்டுமா என்று தெரியாது.

காட்பாடியிலிருந்து:
முடிக்கிறேன். தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் 'எளிதாக்குநர்' பக்கம் தலைகள் அதிகம். உற்சாகமாக யாரும் எழுதவில்லை, 'இதையே போடுங்கள், தூங்கணும்' என்பதுதான் பொதுக் கருத்து. அட்டையில் அந்தச் சொல் போகாது. 'கூட்டம் நடத்துவது எப்படி' என்றே வைத்துவிட்டேன். உள்ளே எளிதாக்குநர். முதல் பக்கத்தில் மட்டும் 'மீட்டிங் அக்கா, மீட்டிங் அண்ணன் என்று உங்கள் ஊரில் சொல்வது இவரைத்தான்' என்று ஒரு வரி. பேச்சு திசை மாறினால் அந்த விஷயத்தை ஒரு தாளில் தனியே எழுதி ஒதுக்கி வைப்பார்களே, 'பார்க்கிங் லாட்' என்பார்கள், அதற்குப் 'பிறகு பேசுவோம்' என்று போட்டிருக்கிறேன். அதற்கும் வேர்ச்சொல் கேட்டு யாரும் எழுத வேண்டாம்.

திருப்பத்தூரிலிருந்து:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. இரண்டாம் பதிப்பு வந்தால் அவையாற்றுநரை மறக்காதீர்கள். அது கிடக்கட்டும், 'தன்னார்வலர்' என்று பிரித்துப் பார்த்தால் தன்மீதே ஆர்வம் உள்ளவர் என்றல்லவா பொருள் வருகிறது? தனி இழையாகத் தொடங்குகிறேன்.