புதுப்பிப்பு: அப்பாவின் விழித்திரை ரத்தக்குழாய்கள், லேசரா ஊசியா?

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. சர்க்கரையால் அப்பாவின் வலது விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கின்றன, லேசர் வைப்பதா ஊசி போடுவதா என்று கேட்டிருந்தேன் இல்லையா? "முதலில் ஓசிடி ஸ்கேன் (விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் படம்) எடுங்கள், விழித்திரையின் நடுவில் வீக்கம் இருந்தால் லேசர் அதைக் கூட்டிவிடலாம்" என்று ஒரு அண்ணன் எழுதியதுதான் கைகொடுத்தது. எடுத்துப் பார்த்தால் வீக்கம் இருந்தது. அதனால் முதலில் மாதம் ஒன்றாக 3 அவாஸ்டின் ஊசி (குடல் புற்றுநோய்க்கு வந்த மருந்து, கண்ணுக்குள்ளும் போடுகிறார்கள்), வீக்கம் வடிந்த அப்புறம் 3 தவணையாக லேசர்.

கண்ணில் ஊசியா என்று பயந்த அப்பா, மரத்துப்போகச் சொட்டு விட்டதால் "லேசா அழுத்தின மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றார், லேசர்தான் வலித்ததாம். முதல் ஊசிக்கு மறுநாள் வெள்ளைவிழியில் ரத்தத்திட்டைப் பார்த்துப் பதறியது நான்தான், 10 நாளில் தானாக மறைந்துவிட்டது.

எதிர்பாராத ஒன்று: லேசருக்குப் பிறகு மங்கிய வெளிச்சத்தில் தடுமாறுகிறார், இரவில் ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்தியாயிற்று. ஓரத்து விழித்திரையைச் சுட்டுத்தான் நடுப்பார்வையைக் காப்பாற்றுகிறார்கள், அதனால் இது வழக்கம்தான் என்றார் டாக்டர். பேப்பரில் தலைப்புகளைக் கண்ணாடியோடு படிக்கிறார், பொடி எழுத்து இன்னும் என் வேலை. அடுத்த ஸ்கேன் 2 மாதம் கழித்து.