கடக்கால் தோண்டும்போது பழைய பானை கிடைத்தவர்கள் சொல்லுங்கள்

பாலக்கோட்டான்:
செப்டிக் டேங்க் குழியில் நாலடி போனதும் ஜேசிபியை நிறுத்தச் சொன்னேன். எங்கள் பக்கம் ஏர் ஓட்டினாலே ஓடு வரும், அது புதிதில்லை. இது முழுப் பானை. வெளியே சிவப்பு, உள்ளே கருப்பு. நான் இறங்குவதற்குள் மேஸ்திரி கடப்பாரையால் ஒரு போடு போட்டுவிட்டார். "உள்ள காசு கீசு இருக்கும்ணா." இருந்தது மண். அடித்துண்டை எடுத்தேன், கட்டைவிரலில் கரி ஒட்டியது. அடுப்புக் கரி! களியோ கஞ்சியோ, யார் வீட்டுச் சமையலோ. அந்த விரல்தான் இன்னும் உறுத்துகிறது.

ஊத்தங்கரை மச்சான்:
அது கரி இல்லை நண்பரே. கருப்பு சிவப்புப் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடுவார்கள். காற்றுப் படாத உள்பக்கம் கறுக்கும், வெளிப்பக்கம் சிவக்கும்.

பாலக்கோட்டான்:
நான் சொன்னது அடியின் வெளிப்பக்கம். சூளைக் கருப்பு விரலில் ஒட்டுமா?

பர்கூர் மருமகள்:
எங்களுக்கு மாட்டுக்கொட்டாய் கடக்காலில் மண் பிரிமணை கிடைத்தது. அத்தை கழுவி, எங்கள் ரசச் சட்டியை அதன்மேல் வைத்துப் பார்த்தார்கள். அப்படியே உட்கார்ந்தது, துளி ஆடவில்லை. அப்புறம் "செத்தவங்க சாமான்" என்று மாமா கத்த, இருட்டுவதற்குள் திரும்பப் புதைத்தாயிற்று. இப்போது அதன்மேல் மாடு நிற்கிறது.

ஓய்வு வாத்தியார்:
புதைத்தது தப்பு, கழுவியது அதைவிடத் தப்பு. ஒட்டியிருக்கும் கரியும் உணவுத் துணுக்கும்தான் காலத்தைச் சொல்லும். கிடைத்ததும் வேலையை நிறுத்துங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்துப் படம் எடுங்கள், ஆழத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள், அப்புறம் வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள். தங்கம் இருந்தால்தான் புதையல் என்றில்லை. 1878ஆம் வருடத்துச் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எது மண்ணுக்குள் மறைந்து கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்களே, பொருள் எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரிந்ததால்தானே அது முடிந்தது? மேஸ்திரியிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள், டீக்காசு கூடக் கொடுத்தாலும் சரி.
என் அனுபவம்: வீடு கட்டும்போது ரெண்டு ஓடு கிடைத்தது.

ஊத்தங்கரை மச்சான்:
வாத்தியார் சொல்வது சரி. பாலக்கோட்டாரே, அந்தத் துண்டு பத்திரமா? கரிதானா என்று பார்த்துவிடலாம்.

பாலக்கோட்டான்:
துண்டு இருக்கிறது. அன்று சாயங்காலமே வீட்டில் சபீனா போட்டுத் தேய்த்து, பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டார்கள்.