ஞானப்பல் எடுத்த 4ஆம் நாள்: ஞாயிறு பார்க்கும் பல் டாக்டர் வேண்டும்

இடம் செங்கோட்டை. கீழ்த்தாடை இடப்பக்க ஞானப்பல், பல் டாக்டர் கணக்கில் 38ஆம் எண், புதன் காலை எடுத்தார்கள். ஈறு கீறி, எலும்பைக் கொஞ்சம் இழைத்து, 3 தையல். வியாழன் வலி தணிந்தது. வெள்ளி இரவிலிருந்து காதுவரை விண்விண்ணென்று தெறிக்கிறது, வாயில் நாற்றம். குழியில் ரத்தக்கட்டி இல்லை, வெளிறிய எலும்பு தெரிகிறது. காய்ச்சல், சீழ் கிடையாது. டிரை சாக்கெட் (குழியை மூடும் ரத்தக்கட்டி போய் எலும்பு திறந்து கிடப்பது) என்றே படுகிறது.

வெள்ளி மாலை ஆன்லைனில் டேபிள்டாப் ஆட்டம் (பேசியே கதையை நகர்த்தும் விளையாட்டு) நடத்தினேன்: 4 மணி நேரம் ஓயாத பேச்சு, ஸ்ட்ரா வைத்த பாட்டிலில் தண்ணீர். உறிஞ்சியதில்தான் ரத்தக்கட்டி பெயர்ந்திருக்க வேண்டும்.

செய்து பார்த்தது: ஒரு டம்ளர் வெந்நீரில் அரை ஸ்பூன் உப்பு போட்டு தினம் 5 முறை கொப்பளிப்பு, 8 மணிக்கொரு பாராசிட்டமால் 650. தாடையை அழுத்தும் ஹெட்செட்டைக் கழற்றி மேசை மைக்குக்கு மாறியாச்சு. வலி அடங்கவில்லை. கிராம்பு எண்ணெயை நேராக விடவில்லை, சதையைப் புண்ணாக்கும். பல் எடுத்த கிளினிக் திங்கள் வரை பூட்டு.

குழியைக் கழுவி மருந்து வைத்துவிட, நாளை ஞாயிறு தென்காசியிலிருந்து ஆரியங்காவு, புனலூர் வரை எந்தப் பல் டாக்டர் இருப்பார்?