'குரோத் மைண்ட்செட்': தமிழில் எப்படிச் சொல்வது? (கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது)

அனைவருக்கும் வணக்கம்.

ஆசிரியர் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். அமெரிக்க உளவியலாளர் கரோல் டுவெக் சொல்லும் 'குரோத் மைண்ட்செட்' (திறனை வளர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம்), அதன் எதிர்ப்பதமான 'ஃபிக்ஸ்ட் மைண்ட்செட்' (திறன் பிறவியில் அமைந்தது, மாறாது என்ற எண்ணம்) இரண்டுக்கும் சொல் வேண்டும். பலரும் 'வளர்ச்சி மனப்பான்மை', 'நிலைத்த மனப்பான்மை' என்று எழுதுகிறார்கள். இரண்டாவதை என்னால் ஏற்க முடியவில்லை. நிலைத்த புகழ், நிலைத்த செல்வம் என்று படித்த பிள்ளை, நிலைத்ததைத்தான் நல்லது என்று எடுத்துக்கொள்ளும்.

---

> நிலைத்ததைத்தான் நல்லது என்று எடுத்துக்கொள்ளும்

நியாயமான கவலை அம்மா. எனக்கு 'மனப்பான்மை'யே இடிக்கிறது. தாழ்வு மனப்பான்மை என்று சொல்லிச் சொல்லி அது ஏதோ கோளாறின் பெயர் போல ஆகிவிட்டது. அதோடு பான்மைக்கு அடி பால். பாலுக்கு அடி பகு. பகுதி, பங்கு, பாதி எல்லாம் ஒரே குடும்பம். பகுத்துக் கொடுக்கப்பட்டது பால், ஆகவே ஊழ். 'பரியினும் ஆகாவாம் பாலல்ல' என்று 376ஆம் குறளில் வருவது அந்தப் பால்தான். திறமை விதித்ததல்ல என்று சொல்ல வந்த இடத்தில் விதியை வேராகக் கொண்ட சொல்லை வைக்கலாமா? 'வளர்மனம்' என்று வினைத்தொகையாக்குங்கள், முக்காலமும் அடங்கும். எதிர்ப்பதம் 'உறைமனம்'.

---

ஐயா, மனப்பான்மை என்றதும் எந்த மாணவருக்கும் ஊழ் நினைவுக்கு வராது. ஆனால் என் மறுப்பு வேறு. இங்கே வளர்வது மனம் அல்ல, திறன். திறன் வளரும் என்ற நம்பிக்கைதான் மனத்தில் இருப்பது. டுவெக்கும் தொடக்கத்தில் இதை அறிவுத்திறன் பற்றி ஒருவர் உள்ளுக்குள் வைத்திருக்கும் கோட்பாடு என்றுதான் எழுதினார். 'உறைமனம்' என்று சொல் கொடுத்தால் நாளைக்கே வகுப்பில் "இவன் உறைமனத்தான்" என்று ஒரு பிள்ளைமேல் ஒட்டிவிடுவார்கள். எந்த முத்திரையைக் கழற்ற இதெல்லாம் வந்ததோ அதே முத்திரை புதுப்பெயரில் வந்து உட்காரும். நல்ல முத்திரையே கெடுதல் செய்யும் என்பதை மறக்க வேண்டாம்: 1998இல் முல்லரும் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்பு மாணவர்கள், கடினமான புதிர்களில் தோற்ற பிறகு முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிடச் சீக்கிரம் சோர்ந்தார்கள், மதிப்பெண்ணும் இறங்கியது.

என் பரிந்துரை 'வளர்திறன் நம்பிக்கை', 'மாறாத்திறன் நம்பிக்கை'. முன்னது வினைத்தொகை, வல்லினம் மிகாது. பின்னது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், மிகும். தயவுசெய்து 'வளர்த்திறன்' என்று அச்சில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

'நம்பிக்கை' என்றால் தன்னம்பிக்கையோடு குழம்பும். தன்னம்பிக்கை மிகுந்த பிள்ளைகளிலும் "எனக்கு இது பிறவியிலேயே வரும்" என்று நினைத்து உழைக்காதவர்கள் உண்டே, அதுவும் மாறாத்திறன்தானே? 396ஆம் குறளிலிருந்து 'கேணிநோக்கு' என்று எடுத்தால் என்ன? தொட்டனைத்து ஊறும் மணற்கேணி: தோண்டத் தோண்ட ஊறும், கற்கக் கற்க அறிவு. ('தொட்டனைத் தூறும்' என்று அச்சில் இருப்பதால், பலர் இங்கே வருவது 'தூறும்' என்ற வினை என்றே நினைத்துப் படிக்கிறார்கள். 'அனைத்து ஊறும்' என்று பிரிக்க வேண்டும். தொடுதல் இங்கே தோண்டுதல்.)

---

கேணிநோக்கு அழகு, ஆனால் பக்கத்துக்குப் பக்கம் விளக்க வேண்டிவரும். ஆசிரியருக்கு நாளைக் காலை வகுப்பில் பயன்பட வேண்டும். அங்கே பிள்ளை சொல்வது "எனக்குக் கணக்கு வராது". 'வராது' என்பதில் காலம் காட்டும் இடைநிலையே இல்லை, நேற்று இன்று நாளை மூன்றையும் சேர்த்து அடைத்துவிடுகிறது. அதை "இன்னும் வரவில்லை" என்று மாற்றச் சொல்லிக் கொடுத்து, கூடவே அடுத்து எந்த வழியில் முயல்வது என்றும் காட்டினால் பாதி வேலை முடிந்தது. வெறுமனே "முயற்சி செய்" என்று சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை. கலைச்சொல்லால் மதிப்பெண் பாய்ந்து ஏறும் என்றும் கையேட்டில் எழுதாதீர்கள். 2019இல் 'நேச்சர்' இதழில் வந்த பெரிய அமெரிக்க ஆய்விலேயே, மதிப்பெண் குறைந்த மாணவர்களிடம் தெரிந்த முன்னேற்றம் சிறியதுதான்.

---

சரி, நேரமாகிவிட்டது. மூவர் 'வளர்திறன் நம்பிக்கை' என்கிறார்கள், இருவர் பழகிய 'வளர்ச்சி மனப்பான்மை'யே போதும் என்கிறார்கள். முதலாவதைத் தலைப்பில் வைத்து, மற்றதை முதல் பக்கத்தில் ஒருமுறை அடைப்புக்குள் தருகிறேன். "வராது", "இன்னும் வரவில்லை" பற்றித் தனிப் பத்தியே சேர்க்கிறேன்.

---

சேருங்கள் அம்மா. அடைப்புக்குள்ளும் அந்தப் 'பான்மை' வேண்டாம் என்பது என் கருத்து. 'வளர்மன'த்தையும் நான் கைவிடவில்லை. அடுத்த பதிப்பின்போது மீண்டும் எழுதுவேன்.