புதுப்பிப்பு: எங்கள் ஊர் நூலகத்துக்குப் புது நூல்கள் வந்துவிட்டன

எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் புது நூல்களே வருவதில்லை, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பழைய பதிப்புகளோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு நல்ல செய்தி.

போன வாரம் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. நூலகர் அக்கா ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் எழுதி, கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு ஒட்டினார். பசை காயும் முன்பே ஒரு பையன் குரூப் 4 வழிகாட்டியைக் கேட்டு நின்றான். சிறுவர் கதைகளைக் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறார்கள், குழந்தைகளே எட்டி எடுக்கலாம். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஆகவே நூல் கேட்பது நம் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம், ஆகஸ்ட் 12 சீர்காழியில் பிறந்த, இந்திய நூலகத் துறையின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதனின் பிறந்தநாள், தேசிய நூலகர் தினம். அன்று வாசகர் வட்டம் கூடுகிறது. கூரை ஒழுகல் மட்டும் இன்னும் சரியாகவில்லை. மழைக்கு முன் முடிக்கச் சொல்லி மனு எழுதுகிறோம், பக்கத்தில் இருப்பவர்கள் வந்து கையெழுத்துப் போடுங்கள்.