குளிக்கக் கட்டும் கல் அணையைக் கலைக்கலாமா? பினாங்கு ஓடைத் தேரைக்காக ஒரு வழக்கு

ஓடைக்காவல்:
தெலுக் பாஹாங் பக்கத்து மலை ஓடைகளில் குளிக்க வருகிறவர்கள் கல்லை அடுக்கி, இடுக்கில் பிளாஸ்டிக் பையும் மண்ணும் திணித்து, முழங்கால் உயரத்துக்கு அணை கட்டிவிடுகிறார்கள். ஒரு கோத்தோங் ரோயோங் (ஊர் கூடிச் செய்யும் பொதுவேலை) வைத்து இவற்றைக் கலைக்க வேண்டும் என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

இந்த வழக்கில் என் கட்சிக்காரர் பினாங்கு ஓடைத் தேரை, அன்சோனியா பினாங்கென்சிஸ். 1870இல் இயற்கையியலாளர் ஸ்டோலிச்ஸ்கா இந்தத் தீவிலிருந்து விவரித்த இனம். அன்சோனியா பேரினத்துக்கே இதுதான் மாதிரி இனம், அந்தப் பெயரே இதை வைத்துத்தான் நிற்கிறது. மலேசியத் தீபகற்பத்தில் முன்பு இதே பெயரில் எழுதி வைத்தவை பிற்காலத்தில் வேறு இனங்களாகப் பிரிந்துவிட்டன. ஆக, இந்தத் தீவை விட்டால் இதற்குப் போக்கிடம் இல்லை.

வளர்ந்த தேரை கரைப்பாறையிலும் தாழ்ந்த இலையிலும் சமாளித்துக்கொள்ளும். சிக்கல் தலைப்பிரட்டைக்குத்தான். அதன் வாயைச் சுற்றி அகன்ற உறிஞ்சு உதடு உண்டு. வேகமாக ஓடும் தண்ணீரில் பாறையைக் கவ்விக்கொண்டு, அதன் மேல் படரும் பாசிப் படலத்தைச் சுரண்டித் தின்னும். அணை கட்டினால் மேல்பக்கம் ஓட்டம் செத்துவிடுகிறது. ஓட்டம் செத்த இடத்தில் வண்டல் படியும். வண்டல் மூடிய பாறையில் உதடும் ஒட்டாது, தின்னப் பாசியும் கிடைக்காது. அந்தத் துண்டு அதற்குக் குடியிருக்க லாயக்கில்லை.

மலைச்சரிவு:
அண்ணே, நோக்கம் சரி, குறி தப்பு. அந்த வண்டல் வானத்திலிருந்தா விழுந்தது? மேலே சரிவை வெட்டுகிறார்கள், பாதை போடுகிறார்கள், தோட்டத்துக்குப் படி வெட்டுகிறார்கள். அந்த மண்தான் கீழே வருகிறது. பினாங்குக் கட்டமைப்புத் திட்டப்படி 76 மீட்டருக்கு மேலே உள்ள நிலமும், 25 பாகைக்கு மேல் சரிந்த நிலமும் மலைநிலம், அங்கே கட்டக்கூடாது என்பது விதி. ‘சிறப்புத் திட்டம்’ என்ற விதிவிலக்கு வாசல் திறந்திருப்பதால் அந்த விதிக்குள்ளும் ஆள் நுழைகிறார்கள். அதை விட்டுவிட்டு, சனிக்கிழமை குளிக்க வந்த குடும்பம் அடுக்கிய பத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

இன்னொன்று, கல் அணை நிலைக்காது. 2017 நவம்பர் 4, 5இல் கொட்டிய மழையில் முழு மரங்களே ஓடையோடு வந்தன. செப்டம்பர், அக்டோபரில் வரும் சாதாரண மழைக்கே உங்கள் அணை உருண்டுவிடும். மழை செய்கிற வேலைக்கு எதற்கு நாற்பது பேரும் மதியச் சாப்பாடும்?

ஓடைக்காவல்:
மழை மேல் வரிசையைத்தான் உருட்டும். அடி வரிசை மண்ணில் புதைந்து அப்படியே நிற்கும், அடுத்த வாரம் அதன் மேலேயே திரும்பக் கட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் புதுக்கல் எங்கிருந்து வருகிறது? வெள்ளை நுரை தெறிக்கும் கல்மேட்டிலிருந்து. இரு கைக்கு அடங்குகிற, தூக்கத் தோதான கல் அங்கேதான் கிடக்கும். தலைப்பிரட்டை ஒட்டியிருப்பதும் அதே கல்லில்தான். அணையை மட்டும் பார்க்காதீர்கள் தம்பி, கல்லைப் பெயர்த்த இடத்தைப் பாருங்கள்.

கோம்பாக்கான்:
கோலாலம்பூர் பக்கமிருந்து ஒரு வார்த்தை. எங்கள் கோம்பாக், டெம்ப்ளர் பூங்கா ஓடைகளில் இருப்பது லாருட் அருவித் தவளை, அமோலோப்ஸ் லாருடென்சிஸ். அது வேறு குடும்பம், ஆனால் பிழைப்பு இதே பிழைப்புத்தான். அதன் தலைப்பிரட்டைக்கு வாய் உதடு போதாதென்று, வாய்க்குப் பின்னால் வயிற்றிலேயே ஓர் உறிஞ்சு தட்டு இருக்கிறது. அன்சோனியாவுக்கு அந்த வயிற்றுத் தட்டு கிடையாது, உதடு மட்டும்தான்.

கல்லைத் தண்ணீரை விட்டுத் தூக்கிப் பாருங்கள், லாருட் தலைப்பிரட்டை குதித்து ஓடாது. ஈரக் கல்லில் அப்பிக்கொண்டு அப்படியே இருக்கும். கலங்கல் வெள்ளத்திலும் பிடி விடாமலிருக்க அமைந்த உடம்பு அது. கல்லோடு அணையின் மேல் வரிசைக்குப் போய் வெயிலில் காய்கிறது. அடுக்குகிறவர் கண்ணுக்கு அது கல்லில் ஒரு கருப்புப் பொட்டு.

அதனால் ஓடைக்காவல் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மறு பாதி, ‘ஓட்டம் செத்தால் ஓடையே செத்தது’ என்பதை ஒப்பமாட்டேன். எல்லாத் தவளையும் வேகத்தைத் தேடுவதில்லை. கொம்புத் தவளையின் தலைப்பிரட்டை, புனல் மாதிரி விரிந்த வாயை நீர்மட்டத்தில் வைத்து மிதக்கும் துகளைத் தின்கிறது; அதற்குச் சருகு தேங்கிய ஓரக் குட்டை வேண்டும். பெரிய ஓடைத் தவளை லிம்னோனெக்டெஸ் பிலித்தி, ஓட்டம் குறைந்த ஆழமற்ற ஓரத்தில் சரளையைத் தள்ளிப் பள்ளம் செய்து முட்டை வைக்கும். ஆற்றுத் தேரையைக் கேட்கவே வேண்டாம், ஆள் நடமாடும் இடத்திலும் குண்டாக உட்கார்ந்திருக்கும். பழைய அணைக்குப் பின்னால் இதெல்லாம் குடியேறியிருந்தால், கலைக்கிறவர் முதலில் காலி செய்வது இவர்களைத்தான்.

மலைச்சரிவு:
அப்படிப் போடுங்க. இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். கூடவே, அணைக்குப் பின்னால் ஓராண்டு வண்டல் குவிந்திருக்கும். ஒரே நாளில் பிரித்துவிட்டால் அத்தனையும் கீழே உள்ள நல்ல கல்மேட்டின் மேல் போய் மூடும். தைப்பூசச் சமயத்தில் போய் இதைச் செய்து பாருங்கள், தெரியும். தண்ணீர்மலை முருகன் கோவில் பக்கமெல்லாம் அப்போது ஓடையில் தண்ணீர் இளைத்துப்போயிருக்கும், சேற்றைத் தள்ளிக்கொண்டு போகத் தெம்பு இருக்காது.

ஓடைக்காவல்:
வறண்ட மாதத்தில் தொடக்கூடாது என்பதில் சண்டை இல்லை. நான் சொல்லும் முறை இது.

கணுக்கால் வரை நல்ல ஓட்டம் இருக்கும் மாதத்தில், மலையில் மழை இல்லாத காலையில் இறங்க வேண்டும். முதலில் அணைக்குப் பின்னால் ஓரங்களைப் பார்க்க வேண்டும். முட்டைத் திரளோ மிதக்கும் தலைப்பிரட்டையோ இருந்தால் அந்த அணையை அன்றைக்கு விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் நடுவில் மேல் வரிசைக் கல் மூன்று நான்கை மட்டும் எடுக்கலாம். நீர்மட்டம் கொஞ்சம் இறங்கும், கீழே கலங்கும். கலங்கல் தெளியும் வரை சும்மா நிற்க வேண்டும். பெரும்பாலும் கால் மணி முதல் அரை மணி நேரம் ஆகும். எல்லோரும் சொதப்புவது இங்கேதான். வந்த வேகத்தில் வரிசை வரிசையாகப் பிடுங்கித் தள்ளிவிட்டுப் படம் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். தெளிந்த பிறகு அடுத்த வரிசை. பெரிய அணையென்றால் இரண்டு மூன்று வாரம் பிரித்துச் செய்யலாம். கல்லை எறியக்கூடாது. பாசிப் பக்கம் மேலாகக் கல்மேட்டில் வைக்க வேண்டும், கல்லுக்கும் கல்லுக்கும் இடுக்கு இருக்கிற மாதிரி. புதைந்து போன அடி வரிசையில் கை வைக்கக்கூடாது. பிளாஸ்டிக் பையை மட்டும் முழுதாக எடுத்துவிட வேண்டும்.

காலுக்கு காம்போங் அடிடாஸ் (கருப்பு ரப்பர் செருப்பு) போதும். கையில் கொசு மருந்து, சன்ஸ்கிரீன் பூசியிருந்தால் தண்ணீரில் கை வைக்காதீர்கள். தவளை தோலாலும் மூச்சு விடுகிற பிராணி, மருந்து நேராக உள்ளே இறங்கும்.

நெறியாளர்:
கெபாலா ஆயர், அதாவது மலையிலிருந்து திடீரென இறங்கும் வெள்ளம், பற்றி ஒருவரும் பேசவில்லை. நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மழை பெய்திருக்கும். தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் கூட்டமாக வந்தாலோ, மேலே இரைச்சல் மாறினாலோ பையைக்கூடத் தேடாமல் கரையேறுங்கள்.

இன்னொன்று: ஓர் ஓடையிலிருந்து இன்னொன்றுக்கு அதே ஈரச் செருப்போடு போகாதீர்கள். தவளைத் தோலைத் தின்னும் கைட்ரிட் பூஞ்சை தீபகற்பத்திலும் பதிவாகியிருக்கிறது. சேற்றைத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கால் மணி நேரம் ஊறவைத்து, ஓடைக்குத் தூரமாக அலசிக் காயப்போடுங்கள்.

மலைச்சரிவு:
முறை நல்ல முறைதான். ஆனால் இவ்வளவு பாடுபட்டுத் திறந்த கல்மேட்டில் மேலிருந்து திரும்ப மண் இறங்கினால்? அதனால் கலைக்கும் முன் சோதியுங்கள். அணைக்கு மேலே ஐம்பது மீட்டர் தள்ளி, யாரும் கட்டாத ஒரு கல்மேட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். கரைக்குக் கரை நடந்து பத்துக் கல்லைத் தொட்டுப் பாருங்கள், தூக்க வேண்டாம். கட்டை விரலால் மேலே தேய்த்தால் புகைபோல மண் கிளம்புகிறதா, கல்லின் உயரத்தில் எவ்வளவு மணலுக்குள் புதைந்திருக்கிறது, இரண்டையும் குறியுங்கள். கல் பாதிக்கு மேல் புதைந்திருந்தால் இடுக்கு அடைபட்டுவிட்டது. அணை இல்லாத இடத்திலேயே அந்த நிலை என்றால் உங்கள் நோயாளி அணை இல்லை, சரிவுதான். அங்கே கோத்தோங் ரோயோங் நடத்துவது வீண் வேலை. படத்தோடு வனத்துறைக்கும் வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கும் எழுதுங்கள்.

மேலே சுத்தம், அணைக்குப் பின்னால் மட்டும் சேறு என்றால் சொல்லுங்கள், நானே கல் தூக்க வருகிறேன்.

ஓடைக்காவல்:
இந்தச் சோதனையைச் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் சரிவுப் புகாருக்குப் பதில் வரும் வரை கல்லைப் பெயர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கவா? மேலே மண் இறங்குகிற ஓடையில்தான் மிச்சமிருக்கிற சுத்தமான கல் இன்னும் முக்கியம்.

டுரியான்தோட்டம்:
ஐயாமார்களே, தீவோட தோட்டப் பக்கம், பாலேக் பூலாவ்லேர்ந்து பேசறேன். குளிக்கறவங்களையும் மேட்டை வெட்டறவங்களையும் திட்டி முடிச்சாச்சு, அடுத்து எங்க தலைதான்னு தெரியும். எங்க அணை குளிக்கறதுக்கு இல்ல, குழாய்க்கு. ஒரு அங்குல பாலிபைப் வாய் முங்கணும்னா கொஞ்சம் கல் வெச்சுத்தான் ஆகணும். தொட்டி நிரம்பி வழியறது திரும்ப ஆத்துக்குத்தானே போவுது? அதுல தேரைக்கு என்ன நட்டம்லா?

ஓடைக்காவல்:
வழிகிற தண்ணீர் ஆற்றில் சேர்வது தொட்டிக்குக் கீழே. குழாய் வாய்க்கும் தொட்டிக்கும் நடுவில் உள்ள ஓடை, ஜனவரி பிப்ரவரியில் பாறை ஈரம் மட்டும் உள்ள கோடாகிவிடுகிறது. ஐந்து தோட்டம் ஐந்து குழாய் போட்டால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க வீணாக வழியவிடுவதற்குப் பதில் தொட்டியில் மிதவை வால்வு போடுங்கள். தொட்டி நிரம்பினால் மூடிக்கொள்ளும், தண்ணீர் ஓடையிலேயே இருக்கும். குழாய் வாய்க்கு அணை வேண்டாம். நுனியில் ஒரு முழ நீளத்துக்குச் சிறு துளைகள் போட்டு, வலைத்துணி சுற்றி, இயற்கையாகவே ஆழமான குட்டையில் சரளைக்குள் படுக்கவையுங்கள். சருகும் அடைக்காது, தலைப்பிரட்டையும் உள்ளே போகாது.

டுரியான்தோட்டம்:
வால்வு போட்டா மூட்டு பிடுங்கிக்கும். எங்க தொட்டி குழாய் வாய்க்கு நூத்தி இருபது மீட்டர் கீழ இருக்கு.

மலைச்சரிவு:
அவர் சொல்வது நியாயம். தண்ணீர் ஓடும்போது தெரியாது, மூடினால் பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் ஏறும். நூற்று இருபது மீட்டர் என்றால் அடியில் பன்னிரண்டு பார். 10 பார் குழாய் தாங்காது, மூட்டு அதற்கும் முன்னால் போய்விடும். வழியில் நாற்பது மீட்டர் இறக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீலப் பீப்பாய் வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மிதவை வால்வு. பீப்பாயில் தண்ணீர் திறந்த வெளிக்கு வருவதால் அழுத்தம் அங்கேயே பூஜ்யமாகிவிடும், எந்தத் துண்டிலும் நாலு பாருக்கு மேல் ஏறாது. கீழ்த்தொட்டி மூடினால் நடுப் பீப்பாய் நிரம்பி அதுவும் மூடும், அப்படியே மேல் வரை. பீப்பாய்க்கு மூடி போட்டு, காற்றோட்டத் துளையில் வலை கட்டுங்கள், இல்லாவிட்டால் கொசு. மாதம் ஒரு முறை அடியில் தங்கும் மணலைத் திறந்துவிட வேண்டும். அதை ஓடைக்குள் விடாதீர்கள், மரத்தடிக்கு விடுங்கள்.

டுரியான்தோட்டம்:
பீப்பாய் ரெண்டு கைவசம் கிடக்கு. வால்வு அரை அங்குலமா, முக்கால் அங்குலமா?

மலைச்சரிவு:
முக்கால். அரை போட்டால் வறட்சியில் தொட்டி நிரம்ப நேரம் பிடிக்கும், நீங்களே கழற்றி வீசிவிடுவீர்கள்.